பஞ்சுப் பொம்மைத் தொழிலும் திட்டமிடுதலும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வணிகவியல் மாணவன்)

முன்னுரை

"கணக்கெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. கடைக்காரர் சரக்கை எடுக்க மாட்டேங்கிறாரே, அதுக்கு உங்க பாடத்துல என்ன வழி சொல்லியிருக்கு?" என்று என் சித்தி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

சித்தி திருவில்லிபுத்தூரில் பஞ்சுப் பொம்மை தைத்து விற்பவர். தெருவிலுள்ள மூன்று பெண்கள் அவருடன் சேர்ந்து தைக்கின்றனர். இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு வெட்டு மேசை, பஞ்சு மூட்டைகள், இவையே தொழிற்சாலை. சில ஆண்டுகளாகக் கரடிப் பொம்மைகளைத் தைத்து வெளியூர்க் கடை ஒன்றுக்கு அனுப்பி வந்தார். சென்ற ஆண்டு ஒரு நாள், அனுப்பிய மூட்டைகளுள் இரண்டு அப்படியே திரும்பி வந்தன. "ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மை இனி வேண்டாம்" என்று ஒரு துண்டுச் சீட்டு அதனுடன் இருந்தது. அப்படி ஓர் ஆணை இருப்பதே அதுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நகையை வைத்து வாங்கிய முதல், கூடத்தின் மூலையில் மூட்டையாகக் கிடந்தது.

வகுப்பில் நாம் திட்டமிடுதல் என்னும் பாடத்தைப் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம். அப்பாடம் ஒரு சிறு தொழிலைக் காப்பாற்ற உதவுமா என்று பார்க்க விரும்பினேன். வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். மேலைநாட்டு மேலாண்மை நூல்கள் வலிமை, நலிவு, வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று கூறுவனவற்றுள் பெரும்பகுதி இந்நான்கில் அடங்கிவிடுகிறது. ஆகவே அந்த வரிசையிலேயே இக்கட்டுரையை அமைத்துள்ளேன்.

தொழிலின் நிலை

முதலில் நாட்டு நிலையை நோக்குவோம். எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை 2001 ஏப்ரல் 1 அன்று இந்தியா நீக்கியது. அதன் பின்னர்ச் சீனப் பொம்மைகள் நம் சந்தையில் பெருகின. ஓர் அச்சில் இலட்சக்கணக்கில் செய்யும் தொழிற்சாலையோடு விலையில் போட்டியிட நம் வீட்டுத் தையற்காரரால் இயலவில்லை.

2019இல் இந்தியத் தரக் கவுன்சில் தில்லிப் பகுதிச் சந்தையில் 121 வகைப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது, சுமார் 67 விழுக்காடு பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை. இதன் பின் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, 20 விழுக்காடாக இருந்த இறக்குமதித் தீர்வை 2020 பிப்ரவரியில் 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. இரண்டாவது, 2020ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைப் பெற்றிருத்தல் வேண்டும். உள்நாட்டுப் பொருளுக்கும் இறக்குமதிப் பொருளுக்கும் விதி ஒன்றே.

அரசுக் கணக்கின்படி 2018-19இல் சுமார் 37 கோடி டாலராக இருந்த விளையாட்டுப் பொருள் இறக்குமதி, 2021-22இல் 11 கோடி டாலராகக் குறைந்தது. எனவே உள்நாட்டு உற்பத்தியாளருக்கு வாயில் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அயல்நாட்டுச் சரக்கைத் தடுத்த அதே விதிதான் என் சித்தியின் மூட்டையையும் திருப்பி அனுப்பியது. வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே நுழையும் தகுதியையும் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே இதிலிருந்து நான் கற்ற முதற்பாடம்.

1. தெரிந்து செயல்வகை

ஒரு செயலில் அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, பின்னர்க் கிடைக்கும் ஊதியம் எவ்வளவு என்று எண்ணிய பிறகே இறங்கவேண்டும் என்பது இவ்வதிகாரத்தின் முதற் கருத்து. சித்தியின் கணக்கைப் பார்த்தபோது துணி, பஞ்சு, நூல் ஆகியவற்றின் விலை மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அவருடைய சொந்த உழைப்புக்குக் கூலி இல்லை. மின்கட்டணம் வீட்டுச் செலவில் சேர்ந்திருந்தது. நகைக்கடன் வட்டி எங்குமே இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு கரடியும் அடக்க விலைக்கும் குறைவாகவே விற்கப்பட்டிருந்தது! விற்பனை கூடக்கூட நட்டமும் கூடியிருக்கிறது.

மாணவ நண்பர்களுக்காக இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு பொம்மையின் விற்பனை விலை 250 ரூபாய் எனக் கொள்வோம். துணி 70, பஞ்சு 35, நூலும் பையும் 15, கூலி 50 ஆக மாறும் செலவு 170 ரூபாய். மீதி 80 ரூபாய். வாடகை, மின்சாரம், வட்டி, சோதனைக் கட்டணம் முதலிய நிலையான செலவு மாதம் 12,000 ரூபாய் என்றால், 150 பொம்மைகள் விற்றால்தான் முதல் தேறும். இனி, கடைக்காரர் வற்புறுத்தியதால் விலையை 30 ரூபாய் குறைத்து 220க்குக் கொடுப்பதாகக் கொள்வோம். மீதி 50 ரூபாயாகிறது. இப்பொழுது 240 பொம்மைகள் விற்றாக வேண்டும். விலையில் 12 விழுக்காடு விட்டுக்கொடுத்தால், வேலையில் 60 விழுக்காடு கூடுகிறது. நான்கு பேர் தைக்கும் வீட்டில் அந்த உழைப்பு எங்கிருந்து வரும்?

ஆகவே விலைக் குறைப்பு என்னும் போட்டியில் சிறு உற்பத்தியாளர் இறங்கவே கூடாது. வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் வேலையை அறிவுடையார் தொடங்கமாட்டார் என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறது.

2. வலியறிதல்

நம்மிடம் என்ன இருக்கிறது? இராஜபாளையம் பஞ்சும் நூலும் அறிந்த ஊர். திரு. பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில் முதலாகப் பல நூற்பாலைகள் இங்குத் தோன்றின. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டியும் பாவாடையும் தைக்கிறார்கள். துணியை அடுக்கி ஒரே வெட்டில் வெட்டத் தெரிந்தவர்களும், விரைவாக ஓட்டித் தைக்கத் தெரிந்த பெண்களும் இவ்வட்டாரத்தில் தேடாமலே கிடைப்பார்கள். இது பெரிய வலிமை.

எனினும் ஊரில் கிடைப்பதெல்லாம் பொம்மைக்கு உதவும் என்று எண்ணிவிடலாகாது. கட்டுத் துணியின் நெசவு மிக இளக்கமானது. பொம்மைக்குப் போர்த்தினால் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். மருத்துவப் பஞ்சு நீரை உடனே உறிஞ்சுவதற்கென்றே பக்குவம் செய்யப்பட்டது. அதை அடைத்த பொம்மையை ஒருமுறை துவைத்தால் உள்ளே கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எளிதில் உலராமல் பூசணமும் பிடிக்கும். இலவம் பஞ்சு மென்மையானதுதான். ஆனால் நாளடைவில் பொடிந்து அமுங்கிவிடும். ஆகையால் உள்ளே அடைக்கப் பாலியஸ்டர் பஞ்சும், மேலே போர்த்த நெருக்கமாக நெய்த பருத்தித் துணியும் பொருத்தமானவை என்பது சித்தியின் அனுபவம். மயிர்த் துணி வெளியூரிலிருந்து வருவது; விலையும் நம் கையில் இல்லை. பருத்தித் துணியோ நம் வாசலில் கிடைப்பது.

அடுத்து முத்திரை பற்றிய செய்தி. பொம்மைகளுக்கான ஐ.எஸ். 9873 என்னும் தரநிலை பல பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி பொருளின் உறுதியையும், இரண்டாம் பகுதி தீப்பற்றும் தன்மையையும், மூன்றாம் பகுதி சாயம் முதலியவற்றிலிருந்து ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் வெளிப்படுவதையும் பற்றியன. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையிலிருந்து பிய்ந்து விழும் எந்தத் துண்டும், சுமார் 32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு உருளைக்குள் முழுவதும் அடங்கிவிடக் கூடாது. குழந்தையின் தொண்டை அளவை எண்ணிச் செய்த உருளை அது.

இதைப் படித்த அன்று மாலை, திரும்பி வந்த கரடியொன்றின் பொத்தான் கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது இழுப்பிலேயே கையோடு வந்துவிட்டது. சித்தி அதை வாங்கிப் பார்த்து, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடைக்காரரின் மேல் எங்களுக்கு இருந்த வருத்தம் அன்றோடு போயிற்று.

இதற்குத் தீர்வு எளியதே. பொத்தானை நீக்கிக் கண், மூக்கு, வாய் அனைத்தையும் நூலாலேயே பூவேலையாகத் தைத்துவிட்டால், பிய்ந்து விழுவதற்கு ஒன்றுமில்லை. ஓரத் தையலை இருமுறை ஓட்டுதல், பஞ்சு அடைத்த வாயைக் கைத்தையலால் நெருக்கி மூடுதல், ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைக்கும்வரை அந்தப் பொம்மையை ஒதுக்கி வைத்தல் ஆகிய மூன்றும் செலவில்லாத ஒழுங்குகள். பெரிய ஆலை இயந்திரத்தால் செய்வதை நாம் கவனத்தால் செய்யலாம்.

சட்ட வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று, தர நிர்ணய அமைவனத்தில் உரிமம் பெறுவது. மற்றொன்று, 2020 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொருளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளுக்கும் அளிக்கப்பட்ட விலக்கு. தையல் இயந்திரத்தில் தைப்பது கைவினையாக ஏற்கப்படுமா என்பதை அவ்வலுவலகத்திலேயே கேட்டுத் தெளிந்த பிறகே இரண்டாம் வழியை நாடவேண்டும். பொம்மைக்கு அலங்காரப் பொருள் என்று பெயர் சூட்டி விதியினின்றும் நழுவலாம் என்று சிலர் அறிவுரை கூறினர். குழந்தை கையில் எடுக்கப்போகும் பொருளுக்கு எந்தப் பெயரிட்டால் என்ன? விலக்குக் கிடைத்தாலும் சோதனைக்கூடத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்வதே நேர்மை.

3. காலமறிதல்

பொம்மை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் விற்பதில்லை. நம் வட்டாரத்துக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல். மதுரையிலிருந்து செல்லும் வண்டிகள் நம் ஊர் வழியாகவே போகின்றன. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரோட்டம். புரட்டாசியில் நவராத்திரிக் கொலு. கார்த்திகை முதல் தை வரை சபரிமலை செல்வோர் கூட்டம். மார்கழியில் ஆண்டாளைச் சேவிக்க வருவோர், அதனிடையே கிறிஸ்துமஸ். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம்.

மாசி முதல் வைகாசி வரை வெயில் காலம், விற்பனை மந்தம், ஆனால் தைப்பதற்கும் உலர்த்துவதற்கும் உகந்த காலம் அதுவே. ஆகவே மந்த மாதங்களில் வெட்டித் தைத்து வைத்து, விழா நெருங்கும்போது பஞ்சு அடைத்து முடிக்கவேண்டும். தைத்துப் பஞ்சு அடைக்காத உறைகளை ஒரு பெட்டியில் நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கலாம். பஞ்சு அடைத்தால் அதே எண்ணிக்கைக்கு ஓர் அறையே வேண்டும். இடமும் மிச்சம், பஞ்சில் முதல் முடங்குவதும் மிச்சம்.

காலமறிதலில் மற்றொன்றும் உண்டு. 70 விழுக்காட்டுத் தீர்வை என்னும் வேலி என்றென்றும் அப்படியே நிற்கும் என்று எண்ணித் தொழில் நடத்தலாகாது. அரசுகள் தீர்வையை உயர்த்துவதுபோலவே குறைக்கவும் கூடும். வேலி இருக்கும்போதே வேரை ஆழமாக விட்டுக்கொள்பவரே பிழைப்பார்.

4. இடனறிதல்

ஆழ்ந்த நீரில் முதலை வெல்லும். கரையேறினால் பிற விலங்குகள் அதனை வெல்லும் என்பது வள்ளுவர் காட்டும் உவமை. கரடிப் பொம்மை நமக்குக் கரை. அதில் நாம் யாரிடமும் தோற்போம். நமது நீர்நிலை எது?

திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருக்கரத்திற்கு நாள்தோறும் இலையாலும் பூவாலும் புதிதாகக் கிளி கட்டும் வழக்கம் உண்டு. அந்தக் கிளியைக் காணாமல் எந்தக் குடும்பமும் ஊர் திரும்புவதில்லை. இராஜபாளையம் நாயின் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நாடறிந்தவை. 2005இல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. மேற்கு மலையில் நீண்ட வாலையுடைய சாம்பல் நிற மலையணில் வாழ்கிறது. 1988இல் அதற்கெனச் சரணாலயம் அமைந்தது; 2021இல் அப்பகுதி திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. கிளி, நாய், அணில் ஆகிய இம்மூன்றையும் பஞ்சுப் பொம்மையாகச் செய்வதில் நம்மைவிட உரிமையுடையவர் யார்?

நாய்ப் பொம்மைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. சாயமிடாத வெள்ளைத் துணியே அதற்குப் போதும். சாயம் குறையக் குறைய நச்சு உலோகக் கவலையும் குறையும். வெள்ளை அழுக்காகும் என்பது உண்மையே. அதனால்தான் துவைக்கத்தக்க பொம்மை என்பதை நாம் உறுதி செய்து, அட்டையிலும் அச்சிடவேண்டும்.

மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதலில் ஓர் உவமை வருகிறது. பஞ்சுப் பொம்மை வாணிகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. எடை சிறிது, இடமோ பெரிது. வெளியூருக்கு அனுப்பும் மூட்டைக்கூலி ஆதாயத்தைத் தின்றுவிடுகிறது. வாங்குபவர் தாமே வந்து எடுத்துச் செல்லும் இடத்தில் விற்றால் அக்கூலி இல்லை. பால்கோவாவைப் பாருங்கள்! 2019இல் புவிசார் குறியீடு பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஊர் பெயரைச் சொல்லி ஊரிலேயே விற்று நிலைத்த பொருள் அது. பால்கோவா வாங்கும் பையில் ஒரு துணிக்கிளிக்கும் இடமிருக்கும் அன்றோ?

ஒரு வெளிநாட்டு முன்மாதிரி

ஜெர்மனியில் கீங்கன் என்னும் சிற்றூரில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண்மணி வாழ்ந்தார். இளம்பிள்ளை வாதத்தால் குழந்தைப் பருவத்திலேயே நடக்க இயலாதவரானார். தையலே அவருக்குத் துணை. 1880இல் கம்பளித் துணியால் யானை வடிவில் ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தை ஒன்றைச் செய்தார். குழந்தைகள் அதை எடுத்து விளையாடத் தொடங்கவே, அதுவே தொழிலாயிற்று. 1902இல் அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்டு கை கால் அசையும் கரடியை வடிவமைத்தார். மறு ஆண்டு லைப்சிக் சந்தையில் ஓர் அமெரிக்க வணிகர் 3,000 கரடிகளுக்கு ஆணை கொடுத்தார். போலிகள் பெருகியபோது அவர்கள் விலையைக் குறைக்கவில்லை. 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தானைத் தங்கள் அடையாளமாகப் பதித்தனர்.

பின்னாளில் அதே நிறுவனம் செலவைக் குறைக்க எண்ணி உற்பத்தியில் ஒரு பகுதியைச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. தரம் திருப்தியளிக்காமையால், அங்கிருந்து திரும்பும் முடிவை 2008இல் அறிவித்தது. தன் வலிமை மலிவில் இல்லை, தையலில் இருக்கிறது என்பதை நூறாண்டு கண்ட நிறுவனமும் பட்டே உணர்ந்தது. நமக்கு உலோகப் பொத்தான் வேண்டா. காதோரத்தில் ஊர்ப் பெயர் நெய்த ஒரு சிறு துணிப்பட்டை போதும்.

செயல்திட்டம்

மேற்கூறியவற்றைத் தொகுத்துச் சித்திக்கு நான் எழுதிக் கொடுத்த திட்டம் வருமாறு:

1. கரடி தைப்பதை நிறுத்துதல். கிளி, நாய், அணில் என்னும் மூன்று உருக்களோடு நிற்றல். உருக்கள் பெருகினால் சோதனைச் செலவும் தேங்கும் சரக்கும் பெருகும்.

2. சொந்த உழைப்புக்கும் கூலி எழுதி அடக்கவிலை காணுதல். அதற்குக் குறைவாக ஒரு பொம்மையும் கொடாதிருத்தல்.

3. உத்யம் பதிவு செய்துகொண்டு, மாவட்டத் தொழில் மையத்தில் கடனுதவி பற்றி அறிதல். முத்திரை அல்லது விலக்கு, இரண்டிலொன்று கைக்கு வந்த பின்பே விற்பனையைத் தொடங்குதல்.

4. மந்த மாதங்களில் உறை தைத்தல்; விழாவுக்கு மூன்று வாரம் முன் பஞ்சு அடைத்தல்.

5. ஒரே கடையை நம்பாமல் உள்ளூரில் சில இடங்களில் விற்றல். எந்தக் கடைக்கும் மொத்தச் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனாகக் கொடாதிருத்தல்.

6. ஓராண்டு பார்த்தபின், கணக்கு இடங்கொடுத்தால் மட்டும் மூன்றாவது இயந்திரம் வாங்குதல்.

முடிவுரை

திட்டமிடுதல் என்றால் இன்னின்னது செய்வோம் என்று நீளமாக எழுதுவது என்றே முன்பு எண்ணியிருந்தேன். எதைச் செய்யமாட்டோம் என்று துணிந்து முடிவெடுப்பதே அதன் உயிர் என்பதை இப்பொழுது உணர்கிறேன். சித்திக்கு மிகக் கடினமாக இருந்தது முதல் வரிதான். ஆறு ஆண்டுகளாகக் கை பழகிய கரடி அது. "இதை விட்டுட்டா வேற என்ன தெரியும் எனக்கு?" என்றார். பிறகு அச்சு அட்டைகளை எடுத்துக் கட்டிப் பரணில் வைத்துவிட்டார்.

இக்கட்டுரை எழுதும் இந்நாளில் கிளி ஒன்று தயாராகி இருக்கிறது. அலகு சற்று வளைந்துவிட்டதென்று மூன்று முறை பிரித்துத் தைத்தார்கள். திரும்பி வந்த கரடிகளின் பஞ்சை எடுத்து உலர்த்தி வைத்திருக்கிறோம். மாதிரிப் பொம்மைகளுக்கு அது உதவும். சோதனைக் கட்டணத்துக்குரிய தொகையைச் சேர்த்து வருகிறோம். ஆடிப்பூரத்திற்குள் அனுமதி கிடைத்தால் இவ்வாண்டு; இல்லையேல் அடுத்த ஆண்டு. அனுமதியின்றி ஒரு கிளியும் வாசலைத் தாண்டாது என்று நால்வரும் ஒருமித்துக் கூறிவிட்டனர்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலருடைய வீடுகளில் இத்தகைய சிறு தொழில்கள் நடைபெறுகின்றன. மாணவ நண்பர்கள் விடுமுறையில் ஒரு நாள் தம் வீட்டுத் தொழிலின் கணக்கை எடுத்து, அம்மாவின் உழைப்புக்கு அதில் கூலி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன். வணிகவியல் பாடம் அங்கிருந்து தொடங்குகிறது.